ஒரு காருக்கு ஒரு வரி

சமையலை நான் அறுபத்தோராவது வயதில்தான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் வெந்நீர் வைக்கச் சொன்னாலும் பாத்திரம் எங்கே என்று கேட்கிற ஆள். இன்றைக்கு என்னைப் போல் மசித்த உருளைக்கிழங்கு செய்ய இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று சர்ச்சில் சொல்வார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை, மேடம். பால் ஊற்றுவதற்கு முன்னால், கிழங்கு ஆவி பறக்கிறபோதே வெண்ணெயைப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் நன்றாக உறிஞ்சும். எவ்வளவு போட்டோம் என்று சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் நிறுத்தி நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் இல்லை. சீசன் முடிந்துவிட்டது.

தானியக் கிடங்கில் முப்பத்து நான்கு வருடம் எடைமேடையில் வேலை பார்த்தேன். சோளத்தோடு லாரி ஏறும், எடை போடுவேன். கொட்டிவிட்டு வெறும் வண்டியாக வரும், மறுபடி போடுவேன். கழித்தால் சோளம். அவ்வளவுதான் வேலை. அத்தனை வருடத்தில் ஒரு விவசாயிகூட 'ஸ்டக்கி, உன் எண் தப்பு' என்று சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. எண் விஷயத்தில் டெல்மர் ஸ்டக்கி எப்படிப்பட்ட ஆள் என்று இந்தியானாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரைப் பற்றிக் கேட்டீர்கள். 2001-ஆம் வருடத்து கொர்வெட், சாம்பல் நிறம், ஆறு கியர். சனிக்கிழமைதோறும் கோல்டர் க்ரீக் ஓடுபாதைக்குக் கொண்டுபோவேன். கால் மைல் நேர்ப் பாதை. விளக்கு பச்சையானதும் விட வேண்டும், கோட்டைத் தாண்டியதும் எத்தனை வினாடி என்று சீட்டு வரும். எங்கள் கிளப்பில் எனக்குப் பிடித்தது கம்பெனிப் பிரிவு. கார் தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். எஞ்சினில் கை வைத்தால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள். காசு இருப்பவன் பெரிய எஞ்சின் வாங்கிப் போட்டு ஜெயித்துவிடுவான், அதில் என்ன இருக்கிறது? கம்பெனிப் பிரிவில் மனுஷனின் அக்கறைதான் ஓடும். பின்சக்கரத்தில் எத்தனை பவுண்டு காற்றை இறக்கலாம், டாங்கில் எவ்வளவு பெட்ரோல் போதும், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் எஞ்சின் மேல் ஐஸ் பையை எவ்வளவு நேரம் வைக்கலாம், இதுதான் விளையாட்டு. தரைவிரிப்பைக் கழற்றி வைப்பேன். டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிற புத்தகத்தைக்கூட எடுத்துவிடுவேன். அது ஒன்றேகால் பவுண்டு.

சிற்றுண்டிக் கடைச் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. வென்டல் கிராஸ் என்று ஒருவர், கிளப்பின் செயலாளர், ஹாட்டாக் போட்டுக் கொடுப்பவரும் அவரே, அந்தப் பலகையில் தன் கையால் பெயின்டில் எழுதுவார். எந்தக் கார், யார் ஓட்டியது, எத்தனை வினாடி. விதி ஒன்றுதான்: ஒரு காருக்கு ஒரு வரி. அந்தக் காரில் யார் மிக வேகமாகப் போனாரோ அவர் பெயர்தான் இருக்கும். சீட்டை அன்றைக்கே, கடை மூடுவதற்குள், வென்டல் கையில் கொடுத்தாக வேண்டும். மறுநாள் கொண்டுவந்தால் செல்லாது.

ஒன்பது வருடம் அந்தப் பலகையில் 'ஸ்டக்கி, டெல்மர், 13.04' என்று இருந்தது. ஹாட்டாக் வாங்க வருகிறவன் எல்லாம் கெட்சப்பை எடுக்கும்போது என் பெயரைப் படித்துவிட்டுத்தான் போவான்.

போன வருடம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை எனக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. காற்று அன்று நன்றாக இருந்தது, குளிர்ந்து, கனமாக. அப்படிப்பட்ட காற்றில்தான் எஞ்சின் நன்றாக இழுக்கும். வீணாகப் போகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரோவீனாவும் கூட வந்திருந்தாள். அவள் எப்போதும் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் போடுவாள். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள், முப்பது வருடமாக. அதில் கையால் மட்டும் இல்லை, கீழே இருக்கிற கட்டைகளைக் காலால் மிதித்தும் வாசிக்க வேண்டும்.

"காத்து வீணாப் போவுது, காத்து வீணாப் போவுதுன்னு காலைலேர்ந்து உயிர எடுக்கிற. நான் வேணா ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டா?" என்றாள்.

"கிளட்ச் கடினமா இருக்கும்."

"நான் ரெண்டு கையும் ரெண்டு காலும் ஒரே நேரத்துல நாலு வேல பண்றவடா, டெல்மர். நீ குந்து."

காருக்குள் பின்பக்கம் கிடந்த, ஆர்கன் வாசிக்கும்போது போடுகிற செருப்பை மாட்டிக்கொண்டாள். மெல்லிய தோல் அடி. மூன்றாவது ஓட்டத்தில் 12.98.

பதின்மூன்றுக்குக் கீழே போவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது, மேடம். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். வென்டல் பெயின்ட் டப்பாவோடு வந்தார்.

"யோவ் ஸ்டக்கி, இந்த ஏணியக் கொஞ்சம் புடி. ஆடுது" என்றார்.

என் பெயரை அழிக்க நானேதான் ஏணி பிடித்தேன். 'ஸ்டக்கி' என்பதை மட்டும் விட்டுவைத்தார், பெயின்ட் மிச்சம் என்று.

எனக்குப் பொறாமை என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது சரியில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரோவீனாவை அந்த வாரம் வெளியே கூட்டிக்கொண்டு போய் மீன் வறுவல் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் ஒரு நியாயம் இருக்கிறது. கார் என்னுடையது. சக்கரத்தில் காற்றை இறக்கியவன் நான், ஐஸ் வைத்தவன் நான். ஒன்பது வருடத்து உழைப்பு. அடுத்த சனிக்கிழமை புதிதாக ஒருவன் வந்து, "நீங்க ரோவீனாவோட வீட்டுக்காரர்தானே, காரை நல்லா வச்சிருக்கீங்க" என்று கை கொடுத்தான். வென்டல் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

அதனால் உழைத்தேன். ஒரு பவுண்டு காற்று இறக்கினேன், பெட்ரோலைக் கால் டாங்குக்குக் குறைத்தேன், விடியற்காலை முதல் ஆளாக வரிசையில் நின்றேன். ஜூனில் ஒரு நாள் 12.99 போனேன். என் வாழ்க்கையில் முதல் பன்னிரண்டு. இறங்கி வந்தபோது அழுதுகூட விட்டேன், ஒளிக்க வேண்டியதில்லை. ரோவீனா கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் சொல்லல, உன்னால முடியும்னு?" என்றாள். அப்புறம் அதே காரில், அதே காற்றில், நான் வைத்த ஐஸில் அவளும் ஒரு தடவை போனாள். 12.92.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. நான் காரை எவ்வளவு சரிசெய்தாலும் அது அவளுக்கும் சேர்த்துத்தான். நான் ஒரு படி இறங்கினால் அவள் இரண்டு படி கீழே நிற்பாள்.

அவளே கவனித்தாள். ஒரு நாள் காலை உணவின்போது, "மூஞ்சி ஏன் தொங்கிக் கெடக்கு? நான் வேணா வென்டல்கிட்டச் சொல்லி உன் பேரையே போடச் சொல்லிடட்டா? எனக்கென்ன, நான் சும்மா ஜாலிக்கு ஓட்டுறவ" என்றாள்.

வேண்டாம் என்றேன். பலகையில் இருக்கிற எண் உண்மையான எண்ணாக இருக்க வேண்டும். பிச்சையாக வந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் எப்படி ஹாட்டாக் சாப்பிடுவது? இதை நீங்கள் என் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வித்தியாசம் எங்கே என்று யோசித்தேன். எங்கள் ஓடுபாதையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு: நூறு பவுண்டு எடை என்றால் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. ஓடுபாதையில் காரை நிறுத்தி எடை பார்க்கிற மேடையும் இருக்கிறது. வெறும் காரை நிறுத்தினேன். அப்புறம் நான் உட்கார்ந்து நிறுத்தினேன். அப்புறம் அவளை உட்காரச் சொல்லி நிறுத்தினேன். கழித்தால் ரோவீனா. நான் 214 பவுண்டு, அவள் 132. வித்தியாசம் 82. நூறுக்குப் பத்தில் ஒன்று என்றால், கிட்டத்தட்ட அவள் என்னை ஜெயிக்கிற அந்த எண்ணேதான் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் இலகுவாகிவிட்டது. அவள் வேகமாக ஓட்டவில்லை, மேடம். இலேசாக இருக்கிறாள், அவ்வளவுதான். செருப்பையும் நிறுத்துப் பார்த்தேன். பதினோரு அவுன்ஸ்.

முதலில் என்னைத்தான் குறைத்துக்கொண்டேன். இதையும் கவனிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டை விட்டேன், இரவுக்கு முட்டைக்கோஸ் சூப். அந்தக் குளிர்காலம் தொடங்குவதற்குள் இருபத்தாறு பவுண்டு போய்விட்டது. பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஆனால் எனக்கு உயரம் ஆறடி. அதற்கு மேல் எவ்வளவுதான் குறைக்க முடியும்? முப்பத்து நான்கு வருடம் எடைமேடையில் நின்றவனுக்கு, இந்தப் பக்கம் குறைக்க முடியாவிட்டால் அந்தப் பக்கம் ஏற்றலாம் என்பது தானாகவே தோன்றும்.

அப்படித்தான் சமைக்க ஆரம்பித்தேன்.

காலையில் பேன்கேக், பேக்கன், பாலாடை போட்ட கிரேவி. மதியம் அவள் ஆர்கன் பயிற்சிக்குப் போகும்போது டப்பாவில் சின்னமன் ரோல். இரவு கோழி வறுவல், மசித்த உருளைக்கிழங்கு, மக்ரோனி சீஸ். படுக்கப்போகும் முன் ஒரு மில்க்‌ஷேக், அதில் முழுக் கொழுப்புப் பாலும் இரண்டு கரண்டி ஐஸ்கிரீமும். எதையும் வற்புறுத்தியது கிடையாது. தட்டை எதிரே வைப்பேன், எதிரே உட்காருவேன், அவள் சாப்பிடுவதைப் பார்ப்பேன். எங்களுக்கு முப்பத்தைந்து வருடத் திருமணம். அதில் அந்த ஒரு வருடம்தான் நாங்கள் தினமும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது. அதை அவளே சொன்னாள்.

"நீ சாப்பிடலையா?" என்பாள்.

"சமைக்கும்போதே வயிறு நெறஞ்சிடுது" என்பேன்.

"ஒருநாள் உன் சமையல் என்னக் கொல்லப்போவுது, பாத்துக்க" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வாள்.

சர்ச்சில் என்னைக் காட்டித் தங்கள் கணவர்களைத் திட்டாத பெண்ணில்லை. 'டெல்மரைப் பாத்தாவது கத்துக்கோ' என்பார்கள். பாதிரியார் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் என்னைக் குறிப்பிட்டார். ரோவீனா ஆர்கன் பெஞ்சிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். கன்னம் உருண்டு, முகம் பளபளவென்று இருந்தது. அவளுக்குப் புது உடுப்புகள் வாங்கிக் கொடுத்தேன், பழையது பற்றாமல் போனதால். நன்றாக இருக்கிறாய் என்று சொன்னேன். அது பொய்யில்லை.

என் நோட்டுப் புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது, பார்க்கிறேன். கார் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அப்படி ஒன்று வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். தேதி, காற்றின் வெப்பம், ஈரப்பதம், சக்கரக் காற்று, பெட்ரோல், ஓட்டுநர் எடை. 'ரோ' என்று போட்டிருப்பது அவள். மார்ச்சில் 149. மே மாதம் 161. ஆகஸ்டில் 177. எடை மேடையில் காரை நிறுத்தும்போது அவள் பக்கத்தில் இருப்பவர்களிடம், "என் வீட்டுக்காரர் என்னச் சோளம்னு நெனச்சிட்டிருக்கார்" என்று கேலி பண்ணுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இந்த வருடம் அவள் அதிகம் ஓட்டவில்லை. உட்கார்ந்தால் எழச் சிரமமாக இருக்கிறது, வெயிலும் ஆகவில்லை என்று நாற்காலியிலேயே இருந்துவிட்டாள். நான் நவம்பரை மனதில் வைத்திருந்தேன். சீசனின் கடைசிச் சனிக்கிழமை. வருடத்திலேயே சிறந்த காற்று அன்றைக்குத்தான் வரும். அன்றைக்கு இருவரும் ஒரே எடையில் ஒரே காரில் போக வேண்டும். ஒரே எடை என்பதைவிட நியாயமான பந்தயம் எது, சொல்லுங்கள்?

இனி நீங்கள் கேட்க வந்த விஷயம். செப்டம்பர் நான்காம் தேதி, காலை ஒன்பதரை. மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். வருடாந்திர ரத்தப் பரிசோதனை. எங்கள் வீட்டு ஃபோனை எடுப்பது நான்தான். படிவத்தில், என்னிடம் இல்லாவிட்டால் என் கணவரிடம் சொல்லலாம் என்று ரோவீனாவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சர்க்கரை மிகவும் அதிகமாக இருக்கிறது, இந்த வாரமே வர வேண்டும், மாத்திரை தொடங்க வேண்டும், இனிப்பும் கொழுப்பும் இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்றாள். நான் மரியாதையாக நன்றி சொன்னேன். எண்ணைத் திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டேன். அதுவும் நோட்டில் இருக்கிறது, ஓரத்தில், 291 என்று.

சொல்லக்கூடாது என்று நான் முடிவு செய்யவில்லை. நவம்பருக்குப் பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தேன். பத்து வாரம். நிறுத்தச் சொன்னது சாப்பாட்டை. நிறுத்தினால் எடை இறங்கும். ஒன்றரை வருட வேலை. இரண்டு கடிதங்கள் வந்தன, தபால் பெட்டியைத் திறப்பதும் நான்தான். அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் நீங்கள் என்னைத் தவறாக நினைக்கலாம்.

அக்டோபரில் அவளுக்குத் தாகம் அதிகமாக இருந்தது. ஜாடி ஜாடியாகத் தண்ணீர் குடித்தாள். பிரார்த்தனைக்கு நடுவில் எழுந்து கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது, அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. அசதி, அசதி என்று படுத்துக்கொண்டாள். எனக்கு வேறு ஒரு கவலை. சாப்பிட்டும் எடை இறங்க ஆரம்பித்தது. 182 வரை வந்தவள் ஒரே வாரத்தில் 179. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பாலாடையைக் கூட்டினேன். காலை மில்க்‌ஷேக் ஒன்றையும் சேர்த்தேன்.

நீங்கள் கேக்கைத் தொடவே இல்லையே. பரவாயில்லை, அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் சனிக்கிழமை. மேகமே இல்லை, காற்று கத்தி மாதிரி. மேடையில் நிறுத்தினோம். நான் 178, அவள் 179. ஒரு பவுண்டு வித்தியாசம். இதைவிடச் சரியாக யாராலும் செய்ய முடியாது.

முதலில் நான் போனேன். 12.90.

அவளுடைய 12.92-ஐவிட நூறில் இரண்டு பங்கு குறைவு. வென்டல் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தார். "ஏணிய எவன் புடிக்கிறது? ரோவீனா, வா, இப்ப உன் முறை" என்றார். அவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூச்சு வாங்கியது. "டெல்மர்னு கொஞ்சம் பெருசா எழுதுங்க, வென்டல். மனுஷன் எளச்சிப் போயிட்டாரு" என்றாள். பெயின்ட் காய்வதற்கு முன்னால் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை, திருமண நாளையும் சேர்த்து.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். அவள்தான், "கடைசி நாளாச்சே, நானும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்துடறேன்" என்றாள். கண் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம எடையில் அவள் ஒரு தடவை போனால்தான் என் எண்ணுக்கு முழு மதிப்பு. இடது தடத்தில் போனாள். அந்தத் தடத்து எண்பலகை ஜூலையில் இடி விழுந்து கெட்டுப்போனது, இன்னும் சரிசெய்யவில்லை. அதனால் அவள் எத்தனை வினாடியில் போனாள் என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை.

கோட்டைத் தாண்டியது தெரிந்தது. அதற்குப் பிறகு கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. நேராகப் போய்ப் பாதையின் முடிவில் இருக்கிற மணல் படுகையில் இறங்கி நின்றது. மணல் அதற்காகத்தான் இருக்கிறது. காருக்கு முன் பம்பர் மட்டும்தான்.

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். சீட்டு கொடுக்கிற ஜன்னல் போகிற வழியில்தான் இருக்கிறது, மேடம், சுற்றிக்கொண்டு போகவில்லை. உள்ளே இருந்த பெண் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டைக் கேட்டேன், கிழித்துக் கொடுத்தாள். எட்டு வினாடிகூட ஆகியிருக்காது.

ரோவீனா ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரரிடம், "ரெண்டு ரோடு தெரிஞ்சுது தம்பி. எது நெசம்னு தெரியல. அதான் நடுவுல வுட்டேன்" என்றாள். சர்க்கரை 512 என்றார்கள். ஆம்புலன்ஸின் பின்னால் வென்டலின் வண்டியில் போனேன். அவர் என்னை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார்.

மருத்துவமனை வாசலில் வைத்துத்தான் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். 12.83.

179 பவுண்டோடு 12.83. முதலில் எந்திரம் தவறு என்று நினைத்தேன். அப்புறம் சீட்டின் மேல் வரியைப் படித்தேன். முதல் அறுபது அடியை எத்தனை வினாடியில் கடந்தோம் என்று அங்கே போட்டிருக்கும். நாற்பது வருடமாக ஓட்டுகிறேன், நான் எப்போதும் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். அவளுக்கு 1.84. என் சட்டைப்பையில் இருந்த என் சீட்டில் 1.97. கிளட்சை விடுகிற அந்த ஒரு இடம். கால். முப்பது வருடம் கண்ணால் பார்க்காமல் ஆர்கன் வாசித்த கால். நான் செருப்பை நிறுத்தேன், உள்ளே இருந்ததை நிறுக்கவில்லை.

ஆக, நான் அவள்மேல் ஏற்றிய அந்த நாற்பத்தேழு பவுண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீண் என்று சொல்ல மாட்டேன். அவள் ரசித்துத்தான் சாப்பிட்டாள்.

உள்ளே போனேன். கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். கண்ணைத் திறக்காமலே என் கையைத் தேடிப் பிடித்தாள். முதலில் கேட்டது காரைப் பற்றி இல்லை, சர்க்கரையைப் பற்றியும் இல்லை.

"என்ன டைம்?" என்றாள்.

நான் கணக்குப் போட்டேன். அவளுடைய பழைய எண் 12.92. கூடியிருக்கிற எடை நாற்பத்தேழு பவுண்டு. நூறுக்குப் பத்தில் ஒன்று என்றால், வர வேண்டிய எண் 12.97. நியாயமாகப் பார்த்தால் அதுதான் வந்திருக்க வேண்டும்.

"12.97" என்றேன்.

"ச்சே. காலு நல்லாத்தான் விட்ட மாதிரி இருந்துச்சு." அப்புறம் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அப்ப உன் பேரு நிக்குது. சந்தோஷம்யா எனக்கு. ரொம்ப சந்தோஷம்." கண்ணோரம் ஈரமாக இருந்தது. எனக்காக அழுதாள்.

நான் மாலை ஐந்து மணிவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு வென்டல் கடையை மூடுவார்.

ஃபோன் வந்ததைப் பற்றி அவளிடம் நீங்களே சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அவள் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதும், என்னைப் பார்க்க விரும்பவில்லை என்பதும் தெரியும். கண் பார்வை சில வாரத்தில் தெளிந்துவிடும் என்று மருத்துவர் சொன்னாராம், நல்லது. ஃபோனை எழுதிக்கொள்ளுங்கள். கடிதங்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. வெண்ணெய், பாலாடை, எல்லாம் நான் சொன்னபடியே இருக்கட்டும். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது, எந்த நீதிபதிக்கும் அதை விளக்கிச் சொல்ல என்னால் முடியும்.

இந்த 12.83 சீட்டுதான். இது ஒன்றுதான் என்னை உறங்க விடாமல் பண்ணுகிறது. இதோ, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடத்தில் ஒரு எண்ணை நான் மாற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை. உங்களிடம் சொல்லிவிட்டதில் மனது கொஞ்சம் இலேசாகிவிட்டது.

ஆனால் ஒரு உதவி, மேடம். மற்றதையெல்லாம் எழுதுங்கள். இதை மட்டும் எழுதாமல் விட முடியுமா? இந்த மாதிரி போலீஸ் அறிக்கை பத்திரிகையில் வரும் என்றார்கள், வென்டல் பத்திரிகை படிக்கிறவர்.